அரைக் கட்டை கீழே

முதலில் சத்தத்தைச் சமப்படுத்த வேண்டும். அதைச் செய்யாமல் ஒரே ஆல்பத்தின் இரண்டு பதிப்புகளை அடுத்தடுத்துப் போட்டுக் கேட்கிறவர்கள் சத்தம் கூடியது எதுவோ அதையே நல்லது என்பார்கள், காதின் புத்தி அப்படி, உரக்கப் பேசுகிறவன் பக்கம்தான் முதலில் சாயும். நான்கு பதிப்புகளையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்தாயிற்று, மடிக்கணினியிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்குப் போகிற வயரைத் துடைத்துச் செருகியாயிற்று, தெருப்பக்கத்து ஜன்னலைச் சாத்தியாயிற்று. மின்விசிறியை மட்டும் நிறுத்தவில்லை, நிறுத்தினால் அவர் வியர்த்து எழுந்துவிடுவார், தூத்துக்குடியின் மே மாதத்தில் அது போதுமான காரணம். எதிரே பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார், என் கணவர், சற்குணம், இரண்டு காதிலும் கருவி, கைகள் மடியில், பல் டாக்டர் வீட்டு வாசலில் முறைக்குக் காத்திருக்கிறவர் முகம். "ஆரம்பி சீலி, அவன் சாயங்காலம் வந்துருவான்" என்கிறார். அவன் என்றால் ஜெபசிங், இவருடைய தங்கை மகன், ஸ்பீக்கர் பெட்டிகள் இரண்டையும் ஆம்ப்ளிஃபயரையும் எடுத்துப் போகிறான், போன வாரம் இவரே கூப்பிட்டுச் சொன்னார், என்னிடம் கேட்கவில்லை, நான் அடுக்களையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன், காது கேளாதவர்கள் போனில் கத்துவார்கள், அதனால் எனக்கும் தெரிந்தது. "எனக்கு இனி பாட்டுக்கும் இந்தப் பெட்டிக்கும் ஒரு சம்பந்தமும் இல்லடே, நீ கொண்டு போ." கேட்டபோது கோபம்கூட வரவில்லை எனக்கு, எண்ணிப் பார்த்தேன், முதலில் கோயில் பாடகர் குழுவை விட்டார், பிறகு போனை எடுப்பதை, பிறகு மாதக் கூட்டத்துக்குப் போவதை, ஒவ்வொன்றாக வீட்டை விட்டு அனுப்பிக்கொண்டிருக்கிறார், பெட்டிகள் போன பிறகு அனுப்புவதற்கு மிச்சம் என்ன இருக்கிறது, பேச்சுதான், என்னோடு பேசுகிற பேச்சு. இன்றைக்கு, வண்டி வருவதற்கு முன் இன்னும் ஒரே ஒரு தடவை கலங்கரை அட்டையைக் கேட்டுவிடுங்கள் என்றேன். "கேட்டா மட்டும்?" என்றார். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்துவிட்டார்.

கலங்கரை அட்டை என்பது நாங்கள் வைத்த பெயர். டின் கதீட்ரல் என்று இங்கிலாந்தில் ஒரு ராக் குழு, இரண்டு ஆல்பம் போட்டுவிட்டுக் கலைந்து போனார்கள், இரண்டாவதன் உறையில் ஒரு கலங்கரை விளக்கம் தலைகீழாக நிற்கும். துறைமுகத்தில் இவர் பொறியாளராகச் சேர்ந்த புதிதில் ஒரு கிரேக்கக் கப்பலின் சமையல்காரன் இரண்டு சீப்பு வாழைப்பழத்துக்கும் ஒரு புட்டி ஊறுகாய்க்கும் பதிலாக அந்த எல்.பி. இசைத்தட்டைக் கொடுத்தான். அப்போது எங்களுக்குக் கல்யாணமாகி ஒரு மழைக்காலம்கூட முடியவில்லை. இப்போது அந்த எல்.பி. இல்லை, ரெக்கார்ட் பிளேயரும் இல்லை, வெள்ளத்தில் அலமாரியின் கீழ்த்தட்டில் இருந்ததெல்லாம் போயிற்று, மேல்தட்டில் இருந்த பெட்டிகள் பிழைத்தன. அதனால்தான் இந்த நான்கு. எண்பத்தெட்டில் வந்த சி.டி., மெலிந்த சத்தம், காய்ச்சலில் கிடந்து எழுந்தவன் மாதிரி. இரண்டாயிரத்து மூன்றில் ரீமாஸ்டர் என்று பெரிய எழுத்தில் போட்டு வந்தது, மூல நாடாவைத் துடைத்துப் புதுப்பிக்கிறேன் என்று சொல்லி மெல்லிய சத்தத்தையெல்லாம் தூக்கி உரத்த சத்தத்தோடு ஒரே மட்டமாக நசுக்கி வைத்திருப்பார்கள், மேடு பள்ளம் கிடையாது. அப்புறம் பதினாறில் ஒன்று, அழகானது, பாடகன் மூச்சை இழுப்பது தெரியும், கிடாரில் விரல் நகர்கிற கிறீச் தெரியும். கடைசியாக ஐம்பதாம் ஆண்டுக்கென்று வந்தது. இப்போது ஓடுவது பதினாறு, அதுதான் சிறந்தது என்று இணையத்தில் எங்கள் குழுவில் நானே மூன்று பக்கம் எழுதியிருக்கிறேன், நார்வேயில் ஒருவர், கனடாவில் ஒருவர், பெரும்பாலும் ஓய்வு பெற்ற ஆண்கள், என்னை மேடம் என்பார்கள். "ஒன் நார்வேக்காரன் என்ன சொல்லுதான்?" என்று இவர் முன்பெல்லாம் கேலி செய்வார். இப்போது கேட்பதில்லை. பேஸ் கிடார் நான்கு சுரம் இறங்குகிறது, டிரம்ஸ் வருகிறது, இவர் சுவரில் மாட்டியிருக்கிற காலண்டரைப் பார்க்கிறார். பாடகன் தொடங்குகிறான். காலண்டர்தான். இந்த வாரம் முழுக்க இப்படித்தான், திங்கள்கிழமை எண்பத்தெட்டு, "தகரத்துல ஆணி விழுத மாதிரி இருக்கு", செவ்வாய்க்கிழமை இரண்டாயிரத்து மூன்று, "சத்தம் இருக்கு", வியாழக்கிழமை ஐம்பதாம் ஆண்டு, பாதியில் கருவியைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். கேக்கலையா என்று பக்கத்தில் போய்க் கேட்டேன். "கேக்காம என்ன. கேக்கு. யாருன்னுதான் தெரியல. தெரியாதவன் கல்யாண வீட்டுல போய் உக்காந்த மாதிரி இருக்கு சீலி, எல்லாரும் பேசுதாங்க, ஒருத்தரையும் தெரியல." அதைச் சொல்லிவிட்டுச் சிரிக்கவும் செய்தார். அந்தச் சிரிப்பு எனக்கு வேண்டாமாக இருந்தது.

யாருன்னு தெரியல. இந்த வார்த்தை இரண்டு நாளாகத் தொண்டையில் மீன்முள் மாதிரி நிற்கிறது. உச்ச ஒலிகள் போய்விட்டன, அது காது மருத்துவர் வரைந்து காட்டிய கோட்டில் தெரிந்தது, வலது ஓரத்தில் கோடு படிக்கட்டில் தவறி விழுந்தது போல இறங்கியிருந்தது, சிம்பல் தட்டு போகும், ச-வும் த-வும் போகும், சரி, ஆனால் பாட்டின் உடம்பு போகாதே, பேஸ் போகாது, குரலின் அடி போகாது. நாற்பத்தெட்டு வருஷம் கேட்ட பாட்டு, அதை மறுபடி அடையாளம் காணப் பாதி போதும், மீதியை மனசு போட்டு நிரப்பிக்கொள்ளும், கோயிலில் பாதி விளக்கு அணைந்தாலும் பாமாலை பாடுகிறோமே, எழுத்து தெரிந்தா பாடுகிறோம். நிரப்பிக்கொள்ளவில்லை என்றால் என்ன அர்த்தம், நினைவும் போகிறதா, காது மட்டும் இல்லையா, இல்லை, இதை நினைக்கக் கூடாது, நேற்றுக்கூடப் பாலுக்கு மீதி எவ்வளவு என்று என்னைத் திருத்தினார். இரண்டாவது பாட்டு வந்துவிட்டது. நான் அதனோடு உள்ளுக்குள் முனகுகிறேன், எப்போதும் செய்வதுதான், வாய் திறக்காமல், மூக்குக்குப் பின்னால். முனகுகிற இடமும் அவன் பாடுகிற இடமும் ஒட்டவில்லை. நான் கொஞ்சம் கீழே இருக்கிறேன். ஏறி அவனோடு சேர்ந்துகொள்கிறேன், கவனம் தப்பினால் மறுபடி கீழே வந்துவிடுகிறேன், நடையில் பழகிய கால் தானாகத் தன் வாசலுக்குப் போவது போல. இது இன்றைக்கு இல்லை, எப்போதும். ரீமாஸ்டர் எல்லாமே வேகமாக ஓடுகிறது, பாடகன் சின்னப் பையன் மாதிரி இருக்கிறான் என்று குழுவில் எழுதி வாங்கிக் கட்டிக்கொண்டேன், மேடம், நான்கும் ஒரே சுருதி, ஆங்கிலேய அச்சு எல்.பி.யும் அதே சுருதி, என்னிடம் மூன்று பிரதி இருக்கிறது, உங்கள் பிரதியில்தான் ஏதோ கோளாறு என்று நார்வேக்காரர் மரியாதையாகச் சொன்னார். நான் மரியாதையாகக் கோபித்துக்கொண்டேன். பிரதியில் என்ன கோளாறு இருக்க முடியும், அச்சில் வார்த்த தட்டு. தட்டில் இல்லை. தட்டில் இல்லையென்றால்.

பிளாஸ்திரி. நான் ஏன் இதை யோசிக்கவில்லை. ராஜையா அத்தான், இவருடைய அண்ணன், ஒஹையோவிலிருந்து கொண்டுவந்த ரெக்கார்ட் பிளேயர், பெட்டியைப் பிரித்து முதல் தடவை போட்டபோது அந்தப் பாடகன் கிணற்றுக்குள் விழுந்த எருமை மாதிரி கத்தினான், நாங்கள் மூன்று பேரும் தரையில் உட்கார்ந்து சிரித்தோம். அமெரிக்க மின்சாரம் நொடிக்கு அறுபது முறை துடிப்பது, நம்முடையது ஐம்பது, அந்த மோட்டார் நம் ஊரில் மெதுவாகத்தான் சுற்றும், மின்னழுத்தத்தைக் குறைக்க டிரான்ஸ்ஃபார்மர் வாங்கி வைத்தவர்களுக்கு இது தோன்றவில்லை. இவர்தான் வழி கண்டார். மோட்டாரின் தண்டு மெலிந்தது, அதைத் தடிமனாக்கினால் தட்டு வேகம் பிடிக்கும், முதலுதவிப் பெட்டியிலிருந்து காயத்துக்கு ஒட்டுகிற பிளாஸ்திரியை எடுத்து மெல்லிய கீற்றாகக் கத்தரித்து ஒரு சுற்று சுற்றினார். எருமை கொஞ்சம் மேலே வந்தது. இன்னொரு சுற்று. இன்னொன்று. சரியாக எந்த இடத்தில் நிறுத்துவது என்று யாருக்குத் தெரியும், அந்தப் பாட்டை அதற்கு முன் நாங்கள் எங்கேயும் கேட்டதில்லை, வானொலியில் போட்டதில்லை, இந்த ஊரில் வேறு ஒருவரிடமும் அந்தத் தட்டு கிடையாது. "இது மனுஷன் குரல் மாதிரி இருக்கா?" என்று கேட்டார். இன்னும் கொஞ்சம் என்றேன். இன்னும் ஒரு கீற்று. "இப்ப?" இப்போது அவனுக்கு நாற்பது வயது இருக்கும், பொண்டாட்டி பிள்ளை இருக்கும், கொஞ்சம் குடிப்பான், நல்லவன் என்றேன். "அப்பச் சரி" என்று கத்தரிக்கோலை வைத்துவிட்டார். அந்தப் பாடகனுக்கு அந்த ஆல்பத்தின்போது இருபத்திரண்டு வயது, பிறகு எங்கோ படித்தேன், படித்தபோது நம்பவில்லை. நம்முடைய ஆளை நாம்தான் நாற்பது வயதுக்காரனாக்கியிருக்கிறோம், கத்தரிக்கோலும் பிளாஸ்திரியும் வைத்து, வரவேற்பறைத் தரையில் உட்கார்ந்து. உலகம் முழுக்க ஒரு பாட்டு, இந்த வீட்டில் மட்டும் வேறொரு பாட்டு. இவருடைய மனசு நிரப்பிக்கொள்ளக் காத்திருப்பது அந்த இரண்டாவதை, நானோ வாரம் முழுக்க முதலாவதைத் தட்டில் வைத்து இவர் முன்னால் நீட்டிக்கொண்டிருந்தேன், அதுவும் சத்தத்தையெல்லாம் சமப்படுத்தி.

எழுந்து பாட்டை நிறுத்துகிறேன். "முடிஞ்சிட்டா?" என்கிறார், குரலில் நிம்மதி இருக்கிறது, அது என்னைக் கொஞ்சம் குத்துகிறது. முடியவில்லை என்று கை காட்டிவிட்டு மூலையிலிருக்கிற ஹார்மோனியத்தின் மூடியைத் திறக்கிறேன், ஒரு கையால் துருத்தியை அழுத்தி, முதல் பாட்டின் முதல் சுரத்தை முனகிப் பார்க்கிறேன், யோசிக்காமல், தொண்டை தானாக எங்கே போய் நிற்கிறதோ அங்கே. கட்டையைத் தேடுகிறேன். கிடைத்தது, கறுப்பு. பாட்டு இருப்பது அதற்கு அடுத்த வெள்ளை. அரைக் கட்டை கீழே, துல்லியமாக அரைக் கட்டை கூட இல்லை, ஒரு மயிரிழை கூடுதல், பிளாஸ்திரியைத் துல்லியமாக ஒட்ட முடியுமா என்ன. "இப்ப எதுக்கு ஆர்மோனியம்? அந்திஜெபமா நடத்துத?" என்கிறார். "செத்த சும்மா இருங்க." "சும்மாதானளா இருக்கேன். சும்மா இருக்கதுக்குத்தான் உக்கார வச்சிருக்க." மடிக்கணினியில் வேகத்தைக் குறைக்க ஓர் இடம் இருக்கிறது, ஆங்கிலப் பாடம் கேட்கிற பிள்ளைகளுக்காக வைத்ததாக இருக்கும், நூறிலிருந்து தொண்ணூற்று நான்குக்கு இறக்குகிறேன், சுருதியை அப்படியே பிடித்து வை என்று ஒரு கட்டளை இருக்கிறது, அதை எடுத்துவிடுகிறேன், சுருதியும் கூடவே இறங்கட்டும். எந்தப் பதிப்பு. கை பதினாறுக்குத்தான் போகிறது, மூச்சு தெரிகிற பதிப்பு, விரல் நகர்வது தெரிகிற பதிப்பு. அந்த மூச்சு யாருக்குக் கேட்கும். எனக்குக் கேட்கும். அவருக்கு அது கேட்டுப் பத்து வருஷமாகியிருக்கும். அந்தப் பதிப்பில் மெல்லிய இடங்களெல்லாம் மெல்லியதாகவே இருக்கின்றன, அதுதான் அதன் அழகு, அந்த இடங்களில் இவர் காலண்டரைப் பார்க்கிறார். இரண்டாயிரத்து மூன்றில் மெல்லிய இடமே கிடையாது. ரோட்டு ரோலர் ஏற்றியது என்று நான் எழுதிய பதிப்பு, நார்வேக்காரர் சிரித்துப் பாராட்டிய வாக்கியம். முனகலைக்கூடத் தூக்கி முன்னால் நிறுத்தியிருக்கிறார்கள். ரோலர் ஏற்றிய ரோட்டில் தடுமாறாமல் நடக்கலாம். அதைப் போடுகிறேன். ஸ்பீக்கர் சத்தத்தையும் நம் அளவுக்கு மேல் கொஞ்சம் திருப்புகிறேன், விதி என்ன விதி. "இன்னொண்ணா?" என்கிறார். "இதுதான் கடைசி." "நேத்தும் அதத்தான் சொன்ன." "நேத்து பொய் சொன்னேன்." தோளைக் குலுக்கிக்கொண்டு கருவியைக் காதுக்குள் ஒரு தள்ளு தள்ளி உட்காருகிறார்.

நான் அவரைப் பார்க்கப் போவதில்லை. பார்த்தால் முகத்தில் எதையாவது வாசித்துவிடுவேன், இல்லாததை வாசிப்பதில் எனக்கு நல்ல பழக்கம். கால்மிதியைப் பார்க்கிறேன், அதன் ஓரத்தில் ஒரு நூல் பிரிந்திருக்கிறது. பேஸ் நான்கு சுரம் இறங்குகிறது. ஐயோ, இவனைத்தான், இவனைத்தான் எங்கே போனான் என்று கேட்டுக்கொண்டிருந்தேன். டிரம்ஸ் வருகிறது, நிதானமாக, வயிறு நிரம்பியவன் நடை. பாடகன் வாயைத் திறக்கிறான், நாற்பது வயது, பொண்டாட்டி பிள்ளை எல்லாம் இருக்கிறது, என் முனகல் போய் அவன் மேல் பொருந்தி இருக்கிற இடம் தெரியாமல் போகிறது. எனக்குச் சரி. எனக்குச் சரியாக இருப்பது இன்றைக்கு ஒரு பொருட்டில்லை. நூலைப் பார்க்கிறேன். நாற்காலி கிறீச்சிடவில்லை, அவர் அசையவில்லை, அசையாமல் இருப்பது கேட்பதா, தூங்குவதா, பொறுத்துக்கொள்வதா, கல்யாண வீட்டில் தெரியாத ஆட்கள் நடுவிலும் மனுஷன் அசையாமல்தான் உட்கார்ந்திருக்கிறான். முதல் பாட்டு முடிந்தது. இரண்டாவது. காது மெஷின் வந்த புதிதில் ஒரு நாள் சொன்னார், இத மாட்டினா ஒன் சத்தம் மட்டும் நல்லாக் கேக்கு, வேற ஒண்ணும் கேக்கல, இதுக்கா இவ்வளவு செலவு, என்று. அன்றைக்கு நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன், இன்றைக்கு அந்த வார்த்தையைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். மூன்றாவது பாட்டில் இரண்டாம் கிடார் வரும், அது மேலே, அவர் கேட்க முடியாத உயரத்தில், அது வருகிறது, போகிறது, அவருக்கு அந்த இடம் வெறும் வெளி, வெளியைத் தாண்டி அந்தப் பக்கம் வந்து சேர்ந்தாரா என்று எப்படித் தெரிந்துகொள்வது. கேட்கலாம். கேட்டால் எனக்காக ஆமாம் என்பார், அந்த ஆமாம் ஜெபசிங்கின் வண்டியை விட மோசம். துறைமுகப் பக்கம் ஒரு கப்பல் ஹாரன் அடிக்கிறது, பாட்டுக்குச் சற்று வெளியே, சுருதி சேராமல். நான்காவது. இவர் இல்லாமல் இதைக் கேட்கிற ஒரு காலம் வரும், அல்லது நான் இல்லாமல் இவர் கேட்காமலே இருக்கிற காலம், இரண்டில் ஒன்று, அதில் எதை ஒப்பிட்டு எது மேல் என்று எழுதுவது. ஐந்தாவது நீளமான பாட்டு, முடிவில் ஆர்கன் மட்டும் தனியாக நின்று தேய்ந்து தேய்ந்து போகும், அதை இந்த ரோலர் பதிப்பில் தேய விடவில்லை, கடைசி வரை தூக்கிப் பிடித்து வெட்டியிருக்கிறார்கள், அநாகரிகமான வெட்டு, எழுதியிருக்கிறேன், வெட்டியாயிற்று, உடனே ஆறாவது பாட்டின் கிடார் பாய்ந்து வருகிறது.

"ஏ, நிறுத்து, நிறுத்து." கால்மிதியிலிருந்து தலையைத் தூக்குகிறேன். எழுந்து நிற்கிறார். நிற்பது மட்டுமில்லை, சுவர் அலமாரிப் பக்கம் இரண்டு எட்டு வைத்துவிட்டார், ரெக்கார்ட் பிளேயர் இருந்த இடத்துக்கு, அங்கே இப்போது மடக்கி வைத்த குடையும் மாத்திரை டப்பாவும் இருக்கின்றன, அதற்கு முன்னால் வலது கையை நீட்டியபடி நிற்கிறார், தட்டின் விளிம்பைப் பிடிக்கிற மாதிரி விரல்களை வளைத்துக்கொண்டு. மடிக்கணினியின் இடைவெளி விசையை அழுத்துகிறேன், கிடார் நின்றுபோகிறது. கையைப் பார்க்கிறார். குடையைப் பார்க்கிறார். "அது பாட்டுக்கு எங்க போவுது" என்கிறார், என்னைத் திட்டுகிற குரலில், சத்தமாக, காது கேளாதவர்களின் சத்தம், "பக்கம் மாத்த வேண்டாமா? அதுக்குள்ள அடுத்தது வந்து விழுது. ஒரு மூச்சு விட வேண்டாமா மனுஷன்?" "கம்ப்யூட்டர்ல பக்கம் கிடையாதுங்க." "அவனுகளுக்கு இல்லேன்னா நமக்கும் இல்லியா." நான் சொல்கிறேன், சரி, இல்லை, இருக்கு, என்னவோ சொல்கிறேன், வாய் என் கையில் இல்லை. ஐந்து பாட்டோடு எல்.பி.யின் முதல் பக்கம் முடியும், தட்டைத் திருப்புவது எப்போதும் அவர் வேலை, என்னைத் தொட விடமாட்டார், ஐந்தாவது பாட்டின் கடைசி ஆர்கன் தேயும்போதே எழுந்துவிடுவார், ஊசி தூக்குவதற்கு முன்னால் அங்கே நிற்க வேண்டும் அவருக்கு. இன்றைக்கும் ஊசி தூக்குகிற நேரத்துக்குச் சரியாகப் போய்ச் சேர்ந்திருக்கிறார். போன் அடிக்கிறது, மேசை மேல் நடுங்கியபடி நகர்கிறது, ஜெபசிங். "அத்தை, வண்டி கெடச்சிட்டு. கிளம்பட்டா? பெட்டிய அவுத்து வச்சிட்டாரா மாமா?" அவன் குரலுக்குப் பின்னால் மினி லாரியின் இன்ஜின். நான் போனைக் காதிலிருந்து எடுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டு இவரைப் பார்க்கிறேன், இப்போது பார்க்கலாம். மாத்திரை டப்பாவைச் சும்மா நேராக்கி வைத்துவிட்டு நாற்காலிக்குத் திரும்பிக்கொண்டிருக்கிறார். "யாரு? ஜெபசிங்கா? என்னவாம்?" "வரட்டுமான்னு கேக்கான்." உட்காருகிறார். வேட்டியைச் சரிசெய்கிறார். வலது காதுக் கருவியை ஒரு விரலால் உள்ளே அழுத்திக்கொள்கிறார்.

"இன்னும் ஒரு பக்கம் பாக்கி இருக்குன்னு சொல்லு."